தேறாததற்கும் ஒரு நிரூபணம்

அன்புள்ள தம்பி,

ஒரு கூற்று தேறாது, அதாவது அதை நிரூபிக்க முடியாது என்று காட்ட மெய்யட்டவணை (மாறிகளுக்கு மெய், பொய் இட்டுப் பார்க்கும் அட்டவணை) போட்டால் போதுமே, நிராகரிப்பதற்கென்று தனியாக அடிகோளும் (நிரூபிக்காமலே எடுத்துக்கொள்ளும் தொடக்கக் கூற்று) அனுமான விதியும் எதற்கு என்று கேட்டிருந்தாய். செவ்வியல் தர்க்கத்தில் நீ சொல்வது சரிதான். நிரூபணம் இருந்தால்தான் ஒரு கூற்றை ஏற்கும் உள்ளுணர்வுவாதத் தர்க்கத்தில் அது நடக்காது. முடிவுள்ள ஒரே அட்டவணையை வைத்து அந்தத் தர்க்கத்தை முழுதாக வரையறுக்க முடியாது என்று தர்க்கவியலாளர் கேடல் 1932-இலேயே காட்டிவிட்டார். தேறாத ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டவணையைத் தேடிக்கொண்டிருப்பதைவிட, நிராகரிப்பையே படிப்படியாக நிரூபிக்கும் வழி எனக்கு மிகவும் பிடித்தது.

அந்த வழியை வகுத்தவர் போலந்தின் தர்க்கவியலாளர் யான் வூகாஷேவிச். நிராகரிக்கப்பட்ட அடிகோள் ஒன்றே ஒன்று: க என்ற வெறும் மாறி, அதாவது எந்தக் கூற்றும் வந்து நிற்கக்கூடிய எழுத்து. விதிகள் இரண்டு. அ → ஆ ('அ என்றால் ஆ') தேற்றமாக, அதாவது நிரூபிக்கக்கூடியதாக இருந்து ஆ நிராகரிக்கப்பட்டால், அ-வும் நிராகரிக்கப்படும். ஒரு வாய்பாட்டில் மாறிக்குப் பதில் எதையாவது இட்டு வந்தது நிராகரிக்கப்பட்டால், மூல வாய்பாடும் நிராகரிக்கப்படும். 1952-இல் உள்ளுணர்வுவாதத் தர்க்கத்துக்காக மூன்றாவது ஒன்றையும் சேர்த்தார்: அ, ஆ இரண்டும் தனித்தனியே நிராகரிக்கப்பட்டால் அ ∨ ஆ-வும் ('அ அல்லது ஆ') நிராகரிக்கப்படும்.

இனி க ∨ ¬க-வை ('க, அல்லது க அல்ல') எடுத்துக்கொள். க → க தேற்றம். ஆகவே ¬(க → க) முரண்பாடு. முரண்பாட்டிலிருந்து எதுவும் வரும், க-வும் வரும். அதாவது ¬(க → க) → க தேற்றம். க நிராகரிக்கப்பட்டது, எனவே ¬(க → க)-வும் நிராகரிக்கப்படும். அது ¬க-வில் க-வுக்குப் பதில் க → க இட்டு வந்ததுதான். ஆகவே ¬க-வும் போயிற்று. க-வும் இல்லை, ¬க-வும் இல்லை. மூன்றாவது விதிப்படி க ∨ ¬க நிராகரிக்கப்பட்டது. இதை ¬(க ∨ ¬க) என்று படித்துவிடாதே. அது முரண்பாடு, ¬¬(க ∨ ¬க) உள்ளுணர்வுவாதத் தர்க்கத்திலும் தேற்றம்தான். நிரூபிக்க முடியாது என்பது வேறு, பொய் என்பது வேறு.

தேறாத எல்லாவற்றையும் நிராகரிக்க இந்த விதிகளே போதும் என்று வூகாஷேவிச் ஊகித்தார். 1957-இல் தர்க்கவியலாளர்கள் கிரைசலும் புட்னமும் அந்த ஊகம் தவறு என்று காட்டினார்கள். அவர்கள் எடுத்த வாய்பாடு இது:

(¬க → (ச ∨ ட)) → ((¬க → ச) ∨ (¬க → ட))

உள்ளுணர்வுவாதத் தர்க்கத்தில் இது தேறாது. இதை அடிகோளாகச் சேர்த்தால் இன்னும் வலுவான தர்க்கம் கிடைக்கும். அங்கேயும் 'அல்லது' போட்ட கூற்று தேறினால் அதன் ஒரு பக்கமாவது தேறியே ஆக வேண்டும். ஆகவே மேலே சொன்ன விதிகள் எல்லாம் அங்கேயும் செல்லும். அப்படியானால் அந்த விதிகளால் இந்த வாய்பாட்டை எப்படி நிராகரிக்க முடியும்? முடிந்தால், அந்த வலுவான தர்க்கம் தன் அடிகோளையே நிராகரித்ததாகிவிடும். இவ்வளவு சின்ன வாதத்தில் ஓர் ஊகம் விழுவதை நான் வேறெங்கும் அதிகம் பார்த்ததில்லை. விதிகளை வலுப்படுத்திக் குறையைத் தீர்க்கும் வேலையும் நடந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

அதற்குள் ¬¬க → க-வை நீயே நிராகரித்துப் பார். க-வின் இடத்தில் க ∨ ¬க-வை இடு. மீதி இந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

அன்புடன்,
அண்ணன்