எத்தனை நாளில் லைசென்ஸ் என்று கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவில் லாரி ஓட்டும் வேலை பற்றிப் போன வாரம் உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையைப் படித்தேன். சம்பளம், ஆள் தேவை எல்லாம் விவரமாக இருந்தது. நடுவில் "இரண்டே வாரத்தில் லைசென்ஸ் கையில்" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

அயோவா மாநிலத்தில் ஒரு சமுதாயக் கல்லூரியில் டிரெய்லர் லாரி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். அதற்கு முன் பதினோரு வருடம் 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் சிகாகோவுக்கும் சால்ட் லேக் சிட்டிக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

அந்த இரண்டு வாரக் கணக்கு வேறு ஒன்றிலிருந்து வந்திருக்க வேண்டும். பழகுநர் உரிமம் வாங்கி 14 நாள் கழித்துத்தான் ஓட்டிக் காட்டும் தேர்வுக்குப் போக முடியும் என்பது இங்குள்ள சட்டம். அவ்வளவு நாளாவது காத்திருக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அதையே பயிற்சிக் காலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

சரி, சட்டம் எவ்வளவு பயிற்சி கேட்கிறது? 2022 பிப்ரவரி 7 முதல், முதல்முறையாக ஏ வகுப்பு லைசென்ஸ், அதாவது டிரெய்லர் லாரி ஓட்டுவதற்கான லைசென்ஸ், எடுப்பவர்கள் அரசுப் பதிவேட்டில் உள்ள நிலையத்தில்தான் பயில வேண்டும். பாடத் தேர்வில் 80 சதவீதம் வாங்க வேண்டும். ஆனால் ஸ்டியரிங் பிடித்து இத்தனை மணி நேரம் ஓட்டியிருக்க வேண்டும் என்று மத்திய அரசின் விதியில் எதுவும் இல்லை. 2016 மார்ச்சில் வெளியிட்ட வரைவில் 30 மணி நேரம் என்று இருந்தது. அதே ஆண்டு டிசம்பரில் விதி இறுதியானபோது அதை எடுத்துவிட்டார்கள். சில மாநிலங்கள் தனியாக மணிக்கணக்கு வைத்திருக்கின்றன. மற்றபடி, இவர் தேறிவிட்டார் என்று பயிற்றுநர் சொன்னால் போதும். அதாவது, என்னைப் போன்ற ஒருவரின் கையெழுத்து.

அந்தக் கையெழுத்தைப் போடும்போது எனக்கு என்ன ஞாபகம் வரும் என்று சொல்கிறேன்.

இரண்டு குளிர்காலத்துக்கு முன் நடந்தது. மாணவர் ஒருவர், நாற்பது வயதிருக்கும், டிராக்டரை, அதாவது டிரெய்லரை இழுக்கும் முன்வண்டியை, டிரெய்லருக்கு அடியில் பின்னால் எடுத்துச் சேர்த்தார். 'டக்' என்று சத்தம் கேட்டது. முன்னால் லேசாக இழுத்துப் பார்த்தார், டிரெய்லர் கூடவே அசைந்தது. மாட்டிவிட்டது என்று ஏர் குழாய்களை இணைக்கப் போனார். டார்ச்சை எடுத்துக்கொண்டு அடியில் குனிந்து பாருங்கள் என்றேன். "சத்தம் கேட்டதே, இழுத்தும் பார்த்தேனே" என்றார். பனி உறைந்த தரையில் முழங்காலை ஊன்றி இரண்டு பேரும் குனிந்தோம். டிரெய்லரின் அடித்தட்டுக்கும், அதைத் தாங்கிப் பூட்டும் முன்வண்டியின் இணைப்புத் தட்டான ஃபிஃப்த் வீலுக்கும் நடுவில் விரல் நுழையும் அளவு இடைவெளி. டிரெய்லரின் முன்கால்கள் கொஞ்சம் உயரமாக நின்றதால், டிரெய்லருக்கு அடியில் இருக்கும் கிங்பின் என்ற இரும்பு முளை பூட்டுத் தாடைகளுக்குள் முழுதாக இறங்காமல் மேலேயே உட்கார்ந்திருந்தது. மைதானத்தில் மெதுவாக இழுத்தால் வரும். ரோட்டில் முதல் திருப்பத்திலோ முதல் மேட்டிலோ டிரெய்லர் கழன்று போகும், பின்னால் யார் வந்தாலும் அவர்கள் மேல்தான். அந்த மனிதர் ரொம்ப நேரம் டார்ச்சை அணைக்காமல் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்று நெப்ராஸ்காவில் தானியம் ஏற்றுகிறார். இன்னும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார்ப்பதாகப் போனில் சொன்னார்.

இதை இரண்டு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். பழக்கமாக்க முடியாது.

ரிவர்ஸ் எடுப்பதும் அப்படித்தான். டிரெய்லரை இடது பக்கம் திருப்ப ஸ்டியரிங்கை வலது பக்கம் சுற்ற வேண்டும். மூளைக்கு ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும், கை மட்டும் கேட்காது. முதல் நாட்களில் எல்லோருமே தேவைக்கு மேல் சுற்றிவிட்டு, திரும்பச் சரிசெய்யத் தாமதித்து, வண்டியை மடக்கிவிடுவார்கள். சந்தேகம் வந்தால் இறங்கிப் போய்ப் பாருங்கள் என்று நாள் முழுக்கச் சொல்வேன். வெட்கப்பட்டுக்கொண்டு சீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பத்து தடவை இறங்கிப் பார்க்கிறவரைப் பற்றி இல்லை.

முழுச் சுமையோடு இந்த லாரியின் எடை 80,000 பவுண்டு வரை போகலாம், ஏறக்குறைய 36 டன். மணிக்கு 55 மைலில் போகும்போது ஆபத்தைக் கண்டு, பிரேக்கில் கால் வைத்து, வண்டி நிற்பதற்குள் 419 அடி கடந்துவிடும் என்று ஓட்டுநர் கையேடு சொல்கிறது. உலர்ந்த, நல்ல ரோட்டில்! எங்கள் பயிற்சி லாரி மாதிரி ஆறு லாரிகளை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தினால் வரும் நீளம் அது. முதல் வாரத்தில் மாணவர்களை அந்த நீளத்துக்கு நடக்கவைக்கிறேன். நடந்து முடித்துத் திரும்பிப் பார்க்கும்போது யாரும் பேசுவதில்லை.

போன வசந்த காலத்தில் லைசென்ஸ் கையில் இருந்த ஒரு பையன் எங்களிடம் வந்தான். வேறொரு பயிற்சி நிலையத்தில் மூன்று வாரம் படித்து, நிறையப் பணம் கட்டி, தேர்விலும் தேறியிருந்தான். வேலைக்குப் போன நான்காவது நாள் சரக்கு இறக்கும் இடத்தில் பக்கத்து லாரியின் கண்ணாடியை உடைத்துவிட்டு, பயந்துபோய் வந்திருந்தான். நீ மட்டும் ஓட்டியது எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். உட்கார்ந்து விரல்விட்டு எண்ணினான். ஒன்பது வந்தது. ஒரு லாரிக்கு எட்டுப் பேராம். ஒருவர் ஓட்ட, மற்றவர்கள் வெளியே நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்களாம். அவன் மேல் தப்பு சொல்ல எனக்கு மனசு வரவில்லை. எண்ணிப் பார் என்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

நாமக்கல்லில் என் அப்பா கிளீனராகப் போய், பல வருடம் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து, அப்புறம்தான் ஸ்டியரிங்கைத் தொட்டார். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கிளீனர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் கண்ணும் கையும் பழக அவருக்குக் கிடைத்த அவகாசத்தில் ஒரு பங்காவது என் மாணவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று நான் சொன்னவர்களும் உண்டு. அதில் ஒருவருக்கு வேலை தயாராகக் காத்திருந்தது, வீட்டு வாடகை இரண்டு மாதம் பாக்கி. அதைச் சொன்ன அன்று எனக்கும் தூக்கம் வரவில்லை. இன்னும் ஒன்பது நாள் வந்தார், காலை ஆறு மணிக்கே. பத்தாம் நாள் கையெழுத்துப் போட்டேன்.

உங்கள் பத்திரிகையை அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்களும் நிறையப் பேர் படிக்கிறார்கள். இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், கல்லூரியானாலும் தனியார் நிலையமானாலும், பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டியவை இவைதான்: ஒரு லாரிக்கு எத்தனை மாணவர்கள்? என் கையில் ஸ்டியரிங் எத்தனை மணி நேரம் இருக்கும்? இரவில் ஓட்டவிடுவீர்களா? ஆட்டோமேட்டிக் வண்டியில் ஓட்டிக் காட்டித் தேர்வானால் கியர் வண்டி ஓட்டக் கூடாது என்று லைசென்சிலேயே குறித்துவிடுவார்கள், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பதிலை எண்ணாகச் சொல்லாமல் "கவலைப்படாதீர்கள், பாஸ் பண்ணிவிடுவீர்கள்" என்று மட்டும் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

அந்த இரண்டு வார வரியைத் திருத்தி, இந்தக் கேள்விகளையும் சேர்த்து வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் பயிற்றுநர் ஒருவர்,
அயோவா, அமெரிக்கா