நூலகத்துக்குப் பக்கத்து அறை

அன்புள்ள தோழி,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்ததும் உடனே கிளம்பி வரலாமா என்றிருந்தது. இங்கே எல்லாரும் நலம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

எங்கள் கல்லூரிக்கு ஒருவழியாக மனநல ஆலோசகர் வந்துவிட்டார். 100 மாணவர்களோ அதற்கு மேலோ படிக்கும் இடத்தில் தகுதியான ஆலோசகர் ஒருவராவது இருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னதே, அதற்கப்புறம்தான். விசாகப்பட்டினத்தில் நீட் தேர்வுக்குப் படிக்கப் போன மகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனின் வழக்கு அது.

வந்தவர் சின்னப் பெண், பொறுமைசாலி. ஆனால் முதல்வர் அறைக்கு நேர் எதிரே இடம் கொடுத்தார்கள். தப்பு செய்தவர்களை நிற்கவைக்கும் வராந்தா அது! அங்கே யார் வருவார்கள்? அட்டெண்டன்ஸ் குறைந்ததென்று துறைத்தலைவர் அனுப்பிய மூன்று பேர்தான் வந்தார்கள். கவுன்சலிங் என்றாலே பொறியியல் சீட்டு என்று நினைக்கிற பிள்ளைகள் வேறு. மன்றாடி, மாடியில் நூலகத்துக்குப் பக்கத்தில் மாற்றினேன். புத்தகம் எடுக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வரலாம் இல்லையா? இப்போது அந்த அறை வாசல் பெஞ்ச் காலியாக இருப்பதே அபூர்வம்.

அடுத்து, வந்தவர்களின் பெயர்ப்பட்டியலை வாரம்தோறும் கேட்டார்கள். கூடவே கூடாது என்று நின்றேன். உயிருக்கு ஆபத்து என்றால் வேறு விஷயம். மற்றபடி ஒரு பெயர் வெளியே போனாலும் அப்புறம் ஒருவரும் படியேற மாட்டார்கள். 2017 மனநலச் சட்டமே ரகசியம் காக்கச் சொல்கிறது. இப்போது எண்ணிக்கை மட்டும் போகிறது.

ஆலோசகர் நாலு மணிக்குக் கிளம்பிவிடுவார். பிள்ளைகளுக்குப் பாரம் ஏறுவதோ ராத்திரியில். அதனால் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணை விடுதிக் குளியலறைக் கதவுகளின் உட்புறம் ஒட்டச் சொன்னேன். எந்நேரமும் பேசலாம், தமிழிலேயே. அங்கே நின்று படிப்பதை யாரும் பார்க்கப் போவதில்லை.

ஒட்டிக்கொண்டிருந்தபோது படிக்கிற காலத்தில் நம் விடுதி அறையில் மூன்றாவது கட்டிலில் இருந்தவளின் நினைவு வந்தது. சாப்பாட்டை நிறுத்தினாள், வகுப்பை நிறுத்தினாள், சுவரைப் பார்த்தே படுத்திருந்தாள். "வீட்டு ஞாபகம், சரியாகிவிடும்" என்றோம் நாம். வார்டன் கடிதம் போட, அப்பா வந்து டிரங்குப் பெட்டியோடு கூட்டிப்போனார். ஒரு வார்த்தை கேட்கவில்லையே நாம்.

அவளுடைய ஊர் முகவரி உன் பழைய டைரியில் இருக்கிறதா என்று பார்த்து எழுது.

அன்புடன்,
உன் தோழி