ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து அப்பாவுக்கு

ஸ்பிரிங்ஃபீல்ட், இல்லினாய்
10 டிசம்பர் 2017

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கு நலம். "அமெரிக்காவில் அரசாங்கத்திடமே காசில்லையா?" என்று போனில் கேட்டீர்கள். போனில் ஆரம்பித்தால் பாதியில் நின்றுபோகும், அதனால் எழுதுகிறேன்.

எங்கள் இல்லினாய் மாநில அரசிடம் காசில்லை என்பதோடு, செலவு செய்ய அனுமதியும் இல்லாமல் போனதுதான் விஷயம். ஆளுநர் புரூஸ் ரௌனர் குடியரசுக் கட்சி. சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில். (இங்கே ஆளுநர் என்பவர் ஓட்டு வாங்கி ஜெயித்து வருபவர். நம் முதலமைச்சர் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.) இரண்டு தரப்பும் பிடித்த பிடியில் நின்றதால் 2015 ஜூலையிலிருந்து மாநிலத்துக்கு முழு பட்ஜெட்டே இல்லை. இந்த ஆண்டு ஜூலை 6 அன்றுதான் ஆளுநரின் மறுப்பை மீறிச் சட்டமன்றம் பட்ஜெட்டை நிறைவேற்றியது.

அரசு ஊழியர்களுக்கு நீதிமன்ற உத்தரவால் சம்பளம் வந்தது. அதனால் மாநிலத் தலைநகரான எங்கள் ஊரில் சாப்பாட்டுக் கடைகள் எப்படியோ தாக்குப்பிடித்தன. அடி வாங்கியது அரசுக்குப் பொருளும் சேவையும் கொடுத்தவர்கள்தான். பில் போட்டு ஆறு மாதம் தாண்டினாலும் பணம் வராது. நிலுவை 1,600 கோடி டாலரையும் தாண்டிப் போனது.

நான் கணக்குப் பார்க்கும் கடையும் அரசு அலுவலகங்களுக்குக் காகிதம், கோப்பு எல்லாம் கொடுப்பதுதான். 90 நாளுக்கு மேல் இழுத்தால் மாதம் 1 சதவீதம் வட்டி தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வட்டி என்றைக்கோ வரும்; வாடகையும் சம்பளமும் இந்த வெள்ளிக்கிழமையே வேண்டும். முதலாளி வங்கியில் கடன் வாங்கித்தான் எங்களுக்குச் சம்பளம் போட்டார்.

அப்புறம் அரசே ஏற்பாடு செய்த திட்டம் ஒன்று உண்டு. நிதி நிறுவனங்கள் நம் பில்லை வாங்கிக்கொண்டு 90 சதவீதத்தை முதலிலேயே தந்துவிடும். மீதி, அரசு பணம் கட்டிய பிறகு. தாமத வட்டி அவர்களுக்கு. கையில் காசுள்ளவன் காத்திருந்து சம்பாதிக்கிறான், இல்லாதவன் தனக்கு வர வேண்டிய வட்டியை விட்டுக்கொடுத்து மூச்சு விடுகிறான். எனக்கு இதுதான் ஆறவில்லை.

சார்ல்ஸ்டன் என்ற சின்ன ஊரைக் கேட்டால் இன்னும் கஷ்டம். ஊரே அங்குள்ள ஈஸ்டர்ன் இல்லினாய் பல்கலைக்கழகத்தை நம்பி இருக்கிறது. மாநில அரசின் மானியம் நின்றதும் அங்கே ஆட்களைக் குறைத்தார்கள், மாணவர்களும் குறைந்தார்கள். வாடகைக்கு வீடு விடுபவருக்கும் முடிவெட்டும் கடைக்காரருக்கும் அரசிடம் பில் எதுவும் கிடையாது, வட்டி கேட்கவும் வழியில்லை.

இப்போது மாநிலம் 600 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் விற்றுப் பழைய பில்களைத் தீர்க்கிறது. வருமான வரியும் 3.75-லிருந்து 4.95 சதவீதம் ஆகிவிட்டது, என் சம்பளத்திலும் பிடிக்கிறார்கள். எங்கள் கடைக்குப் பழைய பாக்கி கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது. இனி அரசு ஆர்டரை மட்டும் நம்புவதில்லை என்று முதலாளி தனியார் அலுவலகங்களாக ஏறி இறங்குகிறார்.

என் வேலைக்கு ஆபத்தில்லை, அம்மாவிடம் சொல்லுங்கள். பணம் வழக்கம்போல மாத முதல் வாரத்தில் அனுப்புகிறேன்.

உங்கள் அன்பு மகன்