உப்பைத் தின்னும் பாக்டீரியா கிடையாது

ஆசிரியருக்கு வணக்கம்.

நஞ்சைத் தேடிப்போய் அழிக்கும் பாக்டீரியாவை விட்டால், சாயக்கழிவால் கெட்ட நொய்யல் ஆறு தெளிந்துவிடும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. ஆராய்ச்சி உண்மைதான். ஆனால் அது நொய்யலின் நோய்க்கான மருந்தல்ல.

அமெரிக்காவின் எமோரி பல்கலைக்கழகத்தில் ஜஸ்டின் கேலிவன் குழு 2010-இல் வெளியிட்ட வேலை அது. ஈ.கோலை பாக்டீரியா நொடிக்கு 20, 30 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேகத்தில் நீந்தும். ஒரு நொடி நேராக ஓடும், உருண்டு திசை மாறும், மறுபடி ஓடும். 'கீ-இசட்' என்ற புரதம் இல்லாவிட்டால் உருண்டபடியே இடத்தில் கிடக்கும். அட்ரசின் களைக்கொல்லி உள்ளே வந்தால் மட்டும் அந்தப் புரதம் உருவாகும்படி, அட்ரசின் பட்டால் திறக்கும் ஆர்.என்.ஏ. பூட்டு ஒன்றை அதன் மரபணுவில் பொருத்தினார்கள். அட்ரசினிலிருந்து குளோரினைக் கழற்றும் நொதியையும் சேர்த்தார்கள். ஆக, அது மோப்பம் பிடித்து ஓடுவதில்லை. நஞ்சு உள்ள இடத்தில் நீந்துகிறது, இல்லாத இடத்தில் நின்றுவிடுகிறது.

சாயக்கழிவின் சங்கதி வேறு. ரியாக்டிவ் சாயம் (பருத்தி நூலோடு வேதிமுறையில் பிணையும் சாயம்) ஏற, சாயத் தண்ணீரில் லிட்டருக்கு 30 முதல் 80 கிராம் வரை உப்புப் போடுகிறார்கள். நிறத்தைக் காற்றில்லாத தொட்டியில் பாக்டீரியா உடைக்கும். சாயம் உடைந்து மிஞ்சும் அமீன் என்ற வேதிப்பொருட்களைக் காற்றூட்டிய தொட்டியில் சிதைக்க வேண்டும். உப்போ இரண்டு தொட்டியையும் தாண்டி அப்படியே வரும். ஆர்.ஓ. என்ற சவ்வு வடிகட்டியில் பிரித்து, மிச்சத்தை ஆவியாக்கினால்தான் தீரும். ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே பாசன நிலங்களைக் கெடுத்தது இந்த உப்புதான்.

அட்ரசின் நம்மூரில் விழுவது மக்காச்சோளக் காட்டில். உடுமலை, பல்லடம் பக்கம் விதைத்த சில நாளில் அடிக்கிறார்கள். அங்கும் ஈரம் காய்ந்த செம்மண்ணில் பாக்டீரியா நீந்தாது.

இந்த பாக்டீரியா அட்ரசின் இருந்தால்தான் நீந்துகிறதா என்பதைக் கோவை, ஈரோடு கல்லூரிகள் ஆய்வகத் தட்டில் சோதிக்கலாம். தட்டில் ஊற்றும் கலவைக்கு லிட்டருக்கு டிரிப்டோன் (பாக்டீரியாவுக்கான புரத உணவு) 10 கிராம், உப்பு 5 கிராம், அகார் (கூழாக்கும் கடல்பாசிப் பொருள்) 2.5 கிராம். அகார் 4 கிராமைத் தாண்டினால் பாக்டீரியா உள்ளே நீந்தாமல் மேலேயே படரும். அட்ரசின் தண்ணீரில் லிட்டருக்கு 33 மில்லிகிராம்தான் கரையும் என்பதால் மெத்தனாலில் கரைத்துச் சேர்க்க வேண்டும். அட்ரசின் இல்லாத ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு மெத்தனால் கட்டாயம். நடுவில் பாக்டீரியாக் கரைசல் 2 மைக்ரோலிட்டரை அகாருக்குள் இறக்கி, 30 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரம் வையுங்கள். நீந்தியிருந்தால் மங்கலான வளையம் விரிந்திருக்கும்; இல்லையேல் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளிதான். தட்டைக் கவிழ்க்கக் கூடாது, அகார் சரிந்து வளையம் கிழிந்துபோகும். குளுக்கோஸ் சேர்த்தால், நீந்த உதவும் வால் போன்ற கசையிழையே சரியாக முளைக்காது.

மரபணு மாற்றிய நுண்ணுயிரை ஆற்றிலோ காட்டிலோ விட 1989 விதிகளின்படி மத்திய அரசுக் குழுவின் அனுமதி வேண்டும். அதை யாரும் மறக்கக் கூடாது.

உள்ளாட்சிகளுக்கு ஒரு வேண்டுகோள்: ஆற்றைச் சுத்தம் செய்யும் என்று எந்த நுண்ணுயிர்க் கரைசலை யார் கொண்டுவந்தாலும், ஒரு வாளி சாயக்கழிவில் ஊற்றச் சொல்லுங்கள். ஊற்றும் முன்பும் ஒரு வாரம் கழித்தும் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆசிரியர்கள் இருவர்,
பெருந்துறை.