தலை பின்னிவிட்ட அக்காவுக்கும் மற்ற எல்லாருக்கும்

என் மகள் படிக்கும் பெண்கள் பள்ளியைச் சேர்ந்தவர்களுக்கும் பினாங்கில் எங்களுக்குத் துணையாக நின்ற அனைவருக்கும் வணக்கம்.

என் மனைவி வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று அவரே எழுந்து அடுப்பங்கரைக்கு வந்து ரசத்துக்கு உப்புப் பார்த்தார். இந்த ஒரு வருடம் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பது இதைப் படிக்கிற பலருக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்கு மனம் வரவில்லை. நன்றி சொல்ல வேண்டியவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நேரில் சொல்லப் போனால் பாதியிலேயே தொண்டை அடைத்துக்கொள்கிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் நன்றி அந்தப் பள்ளியில் துப்புரவு வேலை பார்க்கும் அக்காவுக்கு. பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், போடவில்லை. பள்ளியில் இருப்பவர்களுக்கு யாரென்று தெரியும்.

மகள் இந்த வருடம் புகுமுக வகுப்பில் இருந்தாள். பள்ளியில் அதைப் பெராலிஹான் என்பார்கள். தமிழ்ப்பள்ளியிலிருந்தும் சீனப்பள்ளியிலிருந்தும் வரும் பிள்ளைகளில் மலாய்மொழி போதாதவர்கள், இடைநிலைப்பள்ளியின் முதல் வகுப்பான முதலாம் படிவத்துக்கு முன்னால் படிக்கும் ஓராண்டு. "ஐயோ, ஒரு வருஷம் வீணாப் போகுதே" என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். ஆறு வருடம் தமிழ்ப்பள்ளியில் எல்லாரையும் தெரிந்து வளர்ந்த பிள்ளை, திடீரென்று ஒரு பெரிய பள்ளி, பச்சை கலந்த நீலத்தில் பினஃபோர், யாரிடம் என்ன மொழியில் பேசுவது என்ற தயக்கம். அதே நேரத்தில்தான் அவளுடைய அம்மா ஜி.எச். என்கிற பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி வார்டில் படுத்திருந்தார்.

எனக்குத் தீவுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் லாரி வேலை. ஏழு மணிக்குக் கிடங்கில் சரக்கு ஏற்ற நிற்க வேண்டும். கடலைக் கடக்கும் பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர். நெரிசல் பிடிக்குமுன் கடந்துவிட வேண்டும். ஆகவே ஆறு மணி வாக்கிலேயே மகளை மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்ப் பள்ளியில் விடுவேன். நம் ஊரில் ஏழு மணிக்கு மேல்தான் நன்றாக விடியும் என்பது உங்களுக்கே தெரியும். ஜாகா பாக்சிக், அதாவது பள்ளிக் காவலாளிப் பெரியவர், சின்னக் கேட்டைத் திறந்து அவளை உள்ளே விட்டு, அவள் விளக்கு எரியும் கேண்டீன் பக்கம் போய்ச் சேரும்வரை பார்த்துக்கொண்டே நிற்பார். அவருக்கும் என் நன்றி. அந்த நேரத்தில் பள்ளிக்குள் இருந்த இன்னொரு ஆள் இந்த அக்காதான். அங்சானா மரத்தடியில் இரவெல்லாம் கொட்டிக் கிடக்கும் மஞ்சள் பூவைக் கூட்டிக்கொண்டிருப்பார்.

பெண்பிள்ளைகள் பள்ளியில் முடி ஒரு பெரிய விஷயம். காலரைத் தாண்டினால் பின்னிக் கட்ட வேண்டும், கறுப்பு ரிப்பன்தான். என் மகளுக்கு இடுப்புவரை முடி. அம்மா எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டு வளர்த்த முடி. எனக்குப் பின்னத் தெரியாது. பக்கத்து வீட்டு அம்மா சில நாள் பின்னிவிட்டார்கள். ஹெல்மெட்டைப் போட்டுக் கழற்றினால் எல்லாம் கலைந்துவிடும். கலைந்த தலையோடுதான் பிள்ளை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

எனக்கு விஷயம் தெரிந்தது ஆஸ்பத்திரியில். ஒரு நாள் மாலை வருகை நேரத்தில், மகள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். என் மனைவி அவளுடைய பின்னலைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது யாரு பின்னினது?" என்று கேட்டார். "நல்லா இறுக்கி, அடிவரைக்கும் ஒரே மாதிரி வந்திருக்கே." மகள் கொஞ்சம் தயங்கிவிட்டு, "ஸ்கூல்ல கூட்டுற அக்கா" என்றாள். என் மனைவி அந்தப் பின்னலைக் கையிலிருந்து விடவே இல்லை. அதற்கு முன் பல நாளாக அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அன்றைக்குக் கஞ்சி முழுவதையும் குடித்தார். தான் இல்லாத இடத்தில் ஒருத்தர் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார் என்று தெரிந்ததும் ஒரு தாய்க்கு வரும் நிம்மதியை எந்த மருந்தும் தராது. நான் அதைக் கண்ணால் பார்த்தேன்.

மறுநாள் வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று உள்ளே போய் அக்காவைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாயெடுத்தேன். அவரோ, "தம்பி, நான் தொடலாமான்னு புள்ளகிட்ட கேட்டுட்டுத்தான் தொட்டேன், தப்பா நெனச்சுக்காதீங்க" என்றார். விளக்குமாறு பிடித்த கை என்பதால் யாரும் முகம் சுளிக்கக்கூடாது என்று, முதலில் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவி, தனியாக வைத்திருக்கும் துண்டில் துடைத்த பிறகுதான் சீப்பையே எடுப்பாராம். அந்தச் சீப்பும் ரிப்பனும் என் மகளுக்கென்றே அவர் காசு கொடுத்து வாங்கியவை. எண்ணெய்ப் புட்டியும் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டுச் சாமான் அறை அலமாரியில் வைத்திருந்தார். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டார். "நீங்க கெளம்புங்க, பாலம் ஜாம் ஆயிரும்" என்று என்னை அனுப்பிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்கா எஸ்டேட் தோட்டத்தில் பிறந்தவர், ஆறாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவர். அவருடைய மலாய் சந்தையிலும் வேலையிடத்திலும் காதால் கேட்டுக் கற்றது. என் மகளுக்கு எழுத்தில் ஓரளவு வரும். வாயைத் திறக்கத்தான் பயம். இதைக் கவனித்த அக்கா ஒரு விதி வைத்தார். இடது பக்கப் பின்னல் முடியும்வரை மலாய், வலது பக்கத்துக்குத் தமிழ். நேற்று என்ன குழம்பு, ஆஸ்பத்திரியில் அம்மா என்ன சொன்னார், எந்த டீச்சர் கோபக்காரர், எல்லாம் மலாயில்தான். "சிக்கிட் சிக்கிட், லாமா லாமா ஜாடி புக்கிட்" என்ற பழமொழியை மகள் புத்தகத்தில் படிக்குமுன் அக்காவிடம் கேட்டுவிட்டாள். நம்ம ஊர் 'சிறு துளி பெரு வெள்ளம்'தான் அது என்று அவரே சொல்லிக்கொடுத்தாராம். ஆண்டின் நடுவில் தேர்ச்சி அட்டை வாங்கப் போனபோது வகுப்பு ஆசிரியை, "இவள் இப்போது எழுந்து நின்று பேசுகிறாள், வீட்டில் யார் மலாய் பேசுகிறீர்கள்?" என்று கேட்டார். நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த நாள் அந்த ஆசிரியையே கேண்டீன் பின்பக்கம் போய் அக்காவின் கையைப் பிடித்துப் பேசிவிட்டு வந்ததாக மகள் சொன்னாள்.

அம்மாவுக்கு முடி கொட்டிய சமயம், மகள் தானும் வெட்டிக்கொள்வதாகச் சொன்னாள். வீட்டில் நான் என்ன சொல்வதென்று தெரியாமல் இருந்தேன். அக்காதான் பேசினார். "அம்மா வந்து பாக்கட்டும் கண்ணு. அதுவரைக்கும் இது என் பொறுப்பு." அதோடு அந்தப் பேச்சு நின்றது. அப்புறம், அம்மா பக்கத்தில் இல்லாதபோது இந்த வயதுப் பெண்பிள்ளைக்கு வரும் தேவைகள் சில உண்டு. அப்பாவிடம் சொல்லக் கூச்சப்படுவாள். அவற்றையும் அக்காவே பார்த்துக்கொண்டார். அதற்குமேல் இங்கே எழுதுவது முறையல்ல. பெற்றவர்களுக்குப் புரியும்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கட்டணம் கேட்காமல் மாலைவரை பிள்ளையை வைத்துச் சோறு போட்ட பக்கத்து வீட்டார், இரத்தம் கொடுத்த என் கிடங்கு நண்பர்கள், வருகை நேரம் முடியுமுன் நான் போய்ச் சேர வேண்டும் என்று என் கடைசி நடையைத் தானே ஓட்டிய சக ஓட்டுநர், வார்டுத் தாதியர், தண்ணீர்மலை முருகன் கோயிலில் எங்களுக்காக வேண்டிக்கொண்டவர்கள், மீ கோரேங் பொட்டலத்தில் எப்போதும் ஒரு முட்டையைக் கூடுதலாக வைத்த கேண்டீன் மக்சிக் (மலாய்க்கார அம்மா), மகள் பள்ளிக்குப் போகாத நாள்களின் பாடத்தை எழுதிக்கொடுத்த இரண்டு சீனத் தோழிகள் — எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தமிழ் டீச்சருக்குத் தனியாக ஒரு வரி. 15 பிள்ளைகளின் பெற்றோர் கேட்டால் இடைநிலைப்பள்ளியில் தாய்மொழி வகுப்பு நடத்த வேண்டும் என்று கல்விச் சட்டம் சொல்கிறது. அந்தக் கையெழுத்துக்காக வீடு வீடாக அலைந்தவர் அவர். பள்ளி முடிந்த பிறகு நடக்கும் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் என் மகள் அம்மாவை நினைத்து அழாமல் இருந்தாள்.

வருடம் வீண் என்று சொன்னவர்களுக்கு என் பதில் இதுதான். தமிழ்ப்பிள்ளையும் சீனப்பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இருவருக்கும் முழுதாக வராத மொழியில் ஒருவரையொருவர் புரிந்துகொண்ட வருடம் அது. மகள் அடுத்து முதலாம் படிவம் போகிறாள். பயமில்லாமல் போகிறாள்.

1852 இல் லைட் ஸ்திரீட் கான்வென்டும் 1885 இல் செயின்ட் ஜார்ஜ் பெண்கள் பள்ளியும் தொடங்கப்பட்ட தீவு இது. பெண்பிள்ளைகளைப் படிக்கவைத்தவர்களைப் பற்றி நாம் நிறையவே பெருமைப்படுகிறோம். பெருமைப்படத்தான் வேண்டும். ஆனால் மகள் கொண்டுவந்த பள்ளி ஆண்டிதழைப் புரட்டியபோது ஆசிரியர்கள், மாணவத் தலைவிகள், சாரணியர், செம்பிறைச் சங்கத்தார், விளையாட்டு இல்லங்கள் என்று எல்லாருடைய படமும் இருந்தது. காலையில் முதலில் வந்து வகுப்பறைகளைத் திறந்து வைப்பவர்களின் படம் மட்டும் இல்லை. அவர்கள் குத்தகை நிறுவனத்தின் ஆள்கள், பள்ளி ஊழியர்கள் அல்ல என்பது காரணமாக இருக்கலாம். குத்தகை மாறினால் அக்காவும் வேறு இடத்துக்குப் போகவேண்டி வரலாம் என்பதுதான் எனக்கு இப்போது கவலை.

இதுவரை பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் நான் எழுந்து பேசியதில்லை. அடுத்த ஆண்டுக் கூட்டத்தில் பேசுவேன். துப்புரவுப் பணியாளர்களின் படத்தையும் பெயரையும் ஆண்டிதழில் போட வேண்டும், ஆசிரியர் தினமான மே 16 அன்று அவர்களையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று கேட்பேன். குத்தகை மாறினாலும் இப்போதிருக்கும் ஆள்களையே வைத்துக்கொள்ளச் சொல்லிப் பெற்றோர் சார்பில் ஒரு கடிதம் கொடுக்கலாமா என்றும் கேட்பேன். இதைப் படிக்கும் பெற்றோர்கள் அன்றைக்கு வந்து கை தூக்கினால் போதும்.

அக்கா, மகள் இதை உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் வீட்டில்தான் உங்களுக்குச் சாப்பாடு. என் மனைவி உங்களைப் பார்க்க வேண்டும் என்று தினமும் கேட்கிறார். பஸ்ஸுக்கு நிற்காதீர்கள், பதினோரு மணிக்கு நானே வந்து அழைத்துப் போகிறேன்.