இங்கிலீஷ் மீடியம் ஆக்கிவிடலாமே என்று கேட்டாயே

அன்புள்ள தம்பி,

ஸ்தோத்திரம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. ஆராதனை முடிந்து வீடு நிறைய ஆட்கள், அதனால்தான் எழுதுகிறேன். நம் பள்ளியை முழு இங்கிலீஷ் மீடியமாக்கி பீஸையும் ஏற்றினால் குடியாத்தம் டவுனிலிருந்தே பிள்ளைகள் வருவார்கள், மாசக் கடைசியில் சம்பளத்துக்கு இப்படி அல்லாடவும் வேண்டாம் என்றாய். அக்கறையில் சொன்னாய், தெரியும். ஆனால் நான் மாட்டேன்பா.

போன வாரம் நடந்ததைச் சொல்கிறேன் கேள். நாலாம் வகுப்பில் புதிதாக ஒரு பெண் சேர்ந்திருக்கிறாள். அதற்கு முன்னால் மூன்று வருஷம் ஒரு தனியார் பள்ளியில் இங்கிலீஷ் மீடியம். அப்பா இல்லை, அம்மா பீடி சுற்றுகிறாள். பீஸ் பாக்கி விழுந்ததும் டி.சி. கொடுத்து அனுப்பிவிட்டார்கள், போகிற பிள்ளையிடம் 'உனக்குக் கணக்கே வராது' என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். இங்கிலீஷ் புத்தகத்திலிருந்து ஒரு வகுத்தல் கணக்கு கொடுத்தேன், பேந்தப் பேந்த விழித்தாள். புத்தகத்தை மூடிவிட்டு, "ஆயிரம் பீடி, கட்டுக்கு இருபத்தஞ்சு, எத்தனை கட்டு?" என்றேன். நான் கேட்டு முடிக்கவில்லை, "நாப்பது டீச்சர்" என்றாள். அப்புறம் அவளாகவே, "ஆனா முப்பத்தெட்டுதான் தேறும், ரெண்டு கட்டு சரியில்லன்னு ஏஜெண்ட் கழிச்சிடுவாரு" என்றாள். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. சரி, ஆயிரத்துப் பத்து பீடி இருந்தால் என்றேன். "மீதி பத்து." அந்த மீதிக்குத்தான் இங்கிலீஷில் ரிமைண்டர் என்று பேர் என்று சொல்லிப் பலகையில் எழுதினேன். அவ்வளவுதான், மத்தியானச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதே இங்கிலீஷ் புத்தகத்தில் ஆறு கணக்கு போட்டுவிட்டாள்.

நம் பள்ளி இரண்டு மொழியில் நடப்பது இதற்காகத்தான். முதல் இரண்டு வகுப்பில் எழுத்தும் கணக்கும் தமிழில், இங்கிலீஷ் பாட்டும் பேச்சுமாகக் காதில் விழுகிறது, மூன்றாவதிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வாசிப்பு, ஆறாவதில் அறிவியல் புத்தகமே இங்கிலீஷில்தான், விளக்கம் மட்டும் இரண்டிலும். பெற்றவர்கள் இங்கிலீஷ் கேட்பதை நான் குறையே சொல்ல மாட்டேன். விடியற்காலையில் ஆம்பூர் ஷூ கம்பெனி பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற அம்மாவுக்கு, தன் பெண்ணாவது அந்த கம்பெனியில் ஆபீஸ் பக்கம் உட்கார வேண்டும் என்று ஆசை இருக்காதா? அந்த ஆசைக்குத்தான் நானும் பாடுபடுகிறேன். புரியாமல் மனப்பாடம் செய்கிற இங்கிலீஷ் அவளை அந்த நாற்காலி வரைக்கும் கொண்டுபோகாது.

உன் பாட்டியை நினைத்துப் பார். அமெரிக்கப் பாதிரிமார்களின் ஆற்காடு மிஷன் இந்தப் பக்கம் 1853இல் வந்தது, அவர்கள் வைத்த கிராமப் பள்ளியில்தான் நம் வீட்டில் முதன்முதலாக ஒரு பெண் எழுத்துக் கூட்டிப் படித்தாள். தமிழ் வேதாகமத்தைத் தானே வாசித்த பிறகுதான் தாசில்தார் ஆபீஸில் போய் நின்று மனுவில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கும் தைரியம் அவளுக்கு வந்தது.

காலை ஜெபம் நடக்கிறது. முக்கால்வாசிப் பிள்ளைகள் இந்துக்கள், சிலர் முஸ்லிம்கள். பெற்றவர்கள் சம்மதிக்காமல் யாரையும் உட்கார வைப்பதில்லை. அரசியல் சட்டமும் அதைத்தான் சொல்கிறது. சட்டம் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் நடத்துவேன்.

இப்போது பணம். தனியார் பள்ளிகளில் 25 சதவீத இடம் ஏழைப் பிள்ளைகளுக்கு, அதற்கு அரசு பணம் தரும் என்ற ஏற்பாடு நமக்குக் கிடையாது, நம்முடையது கிறிஸ்தவச் சிறுபான்மைப் பள்ளி, அப்படிப்பட்ட பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014இல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்துவிட்டது. நம்மிடம் இருப்பதோ பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள்தான். நீ உன் சபையில் வசூல் செய்து அனுப்புகிறேன் என்றாய், தயவுசெய்து செய்யாதே. வெளிநாட்டு நன்கொடை வாங்க எப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பாங்கில் தனிக் கணக்கில்தான் வந்து இறங்க வேண்டும், நம்மிடம் அந்தப் பதிவே இல்லை. நீ இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்டில் இருப்பதால் உன் சொந்தச் சம்பளத்திலிருந்து பாங்க் வழியாக அனுப்புவது வேறு, அதில் தடை இல்லை. அதையும் உன் வீட்டுச் செலவு போக மிஞ்சினால் மட்டும் அனுப்பு. மருமகளிடம் கேட்டுவிட்டு அனுப்பு.

கிறிஸ்துமஸுக்கு வரும்போது சாக்லேட் வேண்டாம். பெரிய எழுத்தில் படம் போட்ட கதைப் புத்தகங்கள், பழசானாலும் பரவாயில்லை, பெட்டியில் இடம் இருக்கிற அளவுக்கு எடுத்துவா. வந்தால் இரண்டு நாள் அந்த நாலாம் வகுப்பில் வந்து உட்கார். நீ இங்கிலீஷ் பேசுவதைக் கேட்க வேண்டும் என்று ஏற்கனவே சொல்லி வைத்திருக்கிறேன், அந்தப் பெண் உன்னிடம் கேட்க ஏதோ ஒரு கேள்வியைத் தயார் செய்துகொண்டிருக்கிறாள், என்னிடம் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

உன் அம்மா