ஆணி டயரும் வெள்ளை ரீப்பேயும்

அன்பு மகளுக்கு,

சுகமாக இருக்கிறாயா? பேர்கனில் மழை விட்டதா என்று கேட்க மாட்டேன், அது விடாது. இங்கே நோர்வேயின் வடகோடியில், வாட்சோவில், நவம்பர் பிறந்தும் நிலம் கறுப்பாய்க் கிடக்கிறது. மாதக் கடைசியில் சூரியனும் போய்விடும், பனியும் இல்லையென்றால் வெளிச்சத்துக்கு எங்கே போவது என்று அம்மா புறுபுறுக்கிறா.

நேற்று வீட்டுக்குப் பின்னாலுள்ள மேட்டில் நடக்கப் போனேன். குட்டைப் பேர்ச் புதருக்குள் யாரோ பிளாஸ்டிக் பை எறிந்திருக்கிறார்கள் என்று குனிந்தேன். பை எழும்பிப் பறந்தது. ரீப்பே! கோடையில் பழுப்பாயிருந்து குளிர்காலத்தில் வெள்ளையாகும் நம்ம ஊர்ப் பனிக்கோழி. வாலில் மட்டும் கறுப்பு, மற்றதெல்லாம் வெள்ளை. இருபது அடி தள்ளி இறங்கி, ஆடாமல் அசையாமல் இருந்தது. தன்னை எவரும் காணவில்லை என்ற நம்பிக்கை. வல்லூறுக்கோ அது அரை மைலிலிருந்தே தெரியும்.

பக்கத்து வீட்டுக்காரர் வேட்டைக்குப் போய் ஒன்று கொண்டுவந்து தந்தது நினைவிருக்கிறதா? விரல்வரை இறகு மூடிய காலைத் தடவி, நீ ‘முயல் கால்’ என்றாய். அதன் விஞ்ஞானப் பெயர் லகோபஸ். அதற்கும் முயல் கால் என்றுதான் பொருளாம், பிறகுதான் அறிந்தேன்.

இது இறகு மாற்றுவது பனியைப் பார்த்தல்ல பிள்ளை, பகலின் நீளத்தைப் பார்த்து. பெர் ஹோஸ்ட் என்ற நோர்வேக்காரர் கூண்டில் வளர்த்த ரீப்பேகளுக்கு மின்விளக்குப் போட்டுப் பகலை நீட்டிப் பார்த்தார். குளிர்காலத்திலேயே அவை கோடை இறகுக்கு மாறின. 1942இல் எழுதியிருக்கிறார். சூட்டுக்கும் குளிருக்கும் சிறு பங்கு உண்டு, கொஞ்சம் முந்தும் பிந்தும். ஆனால் நாள் குறிப்பது வெளிச்சம்தான். பூமி சூடாவதால் ஒக்டோபரில் பகல் நீளப்போவதில்லையே. பனி பிந்துகிறது, இறகு அந்தளவுக்குப் பிந்துவதில்லை. வசந்தத்திலும் இதே கதை, அப்போது பனி முந்திக் கரைந்துவிடுகிறது. பனியில்லாத ஏப்ரல்கள் கூடியது இவற்றின் வீழ்ச்சியை விரைவுபடுத்தியதாக 2020இல் பின்லாந்திலிருந்து ஒரு ஆய்வு வந்தது.

சிரிக்காதே, நானும் அப்படித்தான். இங்கே ஒக்டோபர் 16இலிருந்து, பனியில் வழுக்காமலிருக்க ஆணி பதித்த டயர் போடலாம். அன்றைக்கே மாற்றிவிட்டு, மூன்று கிழமையாக வெறும் தார் ரோட்டில் கரகரவென்று ஓடுகிறேன். ஆனால் நான் நினைத்தால் கழற்றலாம். ரீப்பேக்கு அடுத்த மாற்றம் வசந்தத்தில்தான்.

ஸ்கொட்லாந்தில் இருக்கும் இதன் சொந்தக்காரன் குளிர்காலத்திலும் வெள்ளையாவதில்லை, செம்பழுப்பாகவே இருக்கும். பனி நிலைக்காத ஊர். ஆனால் அப்படி ஆவதற்கு அதற்கு எத்தனையோ தலைமுறைகள் கிடைத்தன.

இன்று காலை மறுபடியும் போனேன். பாறை நிழலில் ஒரு பாய் அளவுக்குப் பழைய பனி கிடந்தது. ரீப்பே அதன்மேல் போய்க் குந்தியிருந்தது. நான் கிட்டப் போகவில்லை.

நத்தாருக்கு வரும்போது அந்தப் பழைய தொலைநோக்கியைக் கொண்டு வா.

அப்பா